மொட்டை மாடியில் வானிலை நிலையம்: உணரிகளைப் பொருத்தி இணைத்த அனுபவம்

2015 டிசம்பர் 2ஆம் தேதி காலை 8:30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது, அதே நேரத்தில் நுங்கம்பாக்கத்தில் பதிவானது 29 செ.மீ. இரண்டு இடங்களுக்கும் இடையே நேர்க்கோட்டில் சுமார் 20 கிலோமீட்டர்தான் தொலைவு. சென்னையின் தென்புறநகரில், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு அருகில் வசிக்கும் எனக்கு, தொலைக்காட்சியில் சொல்லப்படும் நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் அளவுகள் எங்கள் தெருவின் மழையைச் சொல்வதில்லை என்பது அந்த ஆண்டிலேயே உறைத்துவிட்டது. வீட்டிலேயே ஒரு வானிலை நிலையம் அமைக்க வேண்டும் என்ற எண்ணம் அப்போது முளைத்ததுதான். கருவிகளை வாங்குவது இதில் எளிய பகுதி. எதை எங்கே நிறுத்துவது, எந்தக் கம்பியை எவ்வளவு தூரம் இழுப்பது, மழையும் வெயிலும் பறவைகளும் அவற்றை என்ன செய்யும் என்பதே உண்மையான வேலை. அந்தப் பகுதியைப் பற்றித்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

எல்லா உணரிகளும் ஒரே கம்பத்தில் பொருத்தப்பட்ட ஆயத்த நிலையங்கள் சந்தையில் கிடைக்கின்றன. பொருத்துவது சுலபம் என்பதைத் தவிர அந்த அமைப்பில் வேறு நன்மை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. வெப்பநிலை உணரிக்கு மண் தரைக்கு மேலே, காற்றோட்டமான நிழல் வேண்டும். மழைமானிக்குத் திறந்த வானமும், அதே வேளையில் அடங்கிய காற்றும் வேண்டும். காற்று வேகமானிக்கு உயரமும் தடையற்ற வெளியும் வேண்டும். அழுத்த உணரியோ வீட்டுக்குள் இருந்தாலே போதும். நான்கும் நான்கு விதமான இடத்தைக் கேட்கும்போது அவற்றை ஒரே கம்பத்தில் கட்டினால், குறைந்தது இரண்டு உணரிகளாவது தவறான இடத்தில்தான் நிற்கும். எனவே உதிரி உணரிகளாக வாங்கி, ஒவ்வொன்றையும் அதற்குரிய இடத்தில் வைத்து, வைஃபை வசதியுள்ள சிறு கணினிச் சில்லைக் கொண்ட இரண்டு இ.எஸ்.பி.32 போர்டுகளில் இணைப்பது என்று முடிவு செய்தேன்.

வெப்பநிலையிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் வீட்டு நிலையங்களில் அதிகம் பிழைபடுவது அதுதான். உலக வானிலை அமைப்பின் வழிகாட்டுதல், தரையிலிருந்து 1.25 மீட்டர் முதல் 2 மீட்டர் வரையிலான உயரத்தில், புல் அல்லது மண் தரைக்கு மேலே வெப்பநிலையை அளக்கச் சொல்கிறது. நம் ஊர் மொட்டை மாடி இதற்கு நேர் எதிரானது. பகல் முழுவதும் வெயிலைக் குடித்த கான்கிரீட் தளம் இரவு வெகுநேரம் வரை அனலை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். ஒரே வகையைச் சேர்ந்த இரண்டு உணரிகளை, ஒரே மாதிரியான கூண்டுகளுக்குள் வைத்து, ஒன்றை மாடியிலும் மற்றதைக் கொல்லைப்புறத்து மண் தரையிலும் சில வாரங்கள் நிறுத்திப் பார்த்தேன். பிற்பகலில் இரண்டும் அதிகம் விலகவில்லை. சூரியன் மறைந்த பிறகுதான் வேறுபாடு தெரிந்தது. கொல்லைப்புறம் குளிர்ந்துகொண்டே போக, மாடி ஒன்றிரண்டு டிகிரி மேலேயே நின்றது. இரவின் குறைந்தபட்ச வெப்பநிலையை அறிய விரும்புகிறவர்கள் மாடியை நம்பக் கூடாது. கொல்லைப்புறம் இல்லாத வீடுகளில் மாடியைத் தவிர வேறு வழியில்லை என்றால், தளத்திலிருந்து இரண்டு மீட்டராவது உயர்த்தி, சுவர்களிலிருந்தும் குளிர்சாதனத்தின் வெளி யூனிட்டிலிருந்தும் விலக்கி வைப்பது ஓரளவு உதவும்.

வானிலை நிலையங்களில் காணப்படும் வெள்ளை நிற மரக் கூண்டை வடிவமைத்தவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த கலங்கரை விளக்கப் பொறியாளர் தாமஸ் ஸ்டீவன்சன். அதன் தத்துவம் எளிமையானது: வெயிலும் மழையும் உள்ளே வரக் கூடாது, காற்று மட்டும் தடையின்றி ஊடுருவ வேண்டும். அதே தத்துவத்தில், பூந்தொட்டிகளுக்கு அடியில் வைக்கும் வெள்ளை பிளாஸ்டிக் தட்டுகளைக் கவிழ்த்து, இடைவெளி விட்டு, நீண்ட திருகுகளில் அடுக்கிக் கூண்டு செய்துகொண்டேன். மேல் இரண்டு தட்டுகளில் நடுத் துளை போடக் கூடாது; கீழுள்ளவற்றின் நடுவில் வட்டமாக வெட்டியெடுத்துவிட்டால் உணரி அந்தக் குழிக்குள் தொங்கும். மேலே இரட்டைத் தட்டு இருப்பது அவசியம், ஏனெனில் அக்னி நட்சத்திரத்து வெயிலில் முதல் தட்டு நன்றாகச் சூடாகிவிடும். அந்தச் சூட்டை உணரிக்குக் கடத்தாமல் இரண்டாவது தட்டும் இடையிலுள்ள காற்றும் தடுக்கின்றன. மெல்லிய பிளாஸ்டிக் தட்டுகள் வெயிலில் மஞ்சளாகி ஒளியை ஊடுருவ விடும் என்பதால் வெளிப்புறத்தில் வெள்ளை எனாமல் பூசுவது நல்லது.

உணரியின் தேர்வில் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. டி.எச்.டி.22 என்ற விலை குறைந்த உணரி என் கொல்லைப்புறத்தில் ஒரு வடகிழக்குப் பருவமழையைத் தாண்டவில்லை, ஈரப்பதம் 99.9 விழுக்காட்டில் போய் நின்றுகொண்டது. அடுத்து பி.எம்.இ.280 என்ற பெயரில் விற்கப்பட்ட ஒன்று வந்தது. அதைச் சோதித்தபோது உள்ளிருந்தது பி.எம்.பி.280; அதில் ஈரப்பத உணரியே கிடையாது. சில்லின் அடையாள எண்ணைப் படித்தால் இது உடனே தெரிந்துவிடும்: பதினறும எண் முறையில் 60 என்று வந்தால் பி.எம்.இ.280, 58 என்று வந்தால் பி.எம்.பி.280. வாங்கிய அன்றே இந்தச் சோதனையைச் செய்துவிட வேண்டும், திருப்பிக் கொடுக்கும் காலம் முடிந்த பிறகு அறிந்து பயனில்லை. இறுதியில் கூண்டுக்குள் எஸ்.எச்.டி.31 உணரியைப் பொருத்தினேன். வெப்பநிலையில் வழக்கமாக 0.2 டிகிரி, ஈரப்பதத்தில் 2 விழுக்காடு என்ற அளவில் அது துல்லியம் தருகிறது. நீண்ட மழையில் நனைந்த உணரியை உலர்த்த உள்ளேயே ஒரு சிறு சூடேற்றியும் இருக்கிறது.

ஈரப்பத உணரியைச் சரிபார்க்க விலை உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை, சமையலறை உப்பே போதும். ஒரு பாட்டில் மூடியில் உப்பை நிரப்பி, சில சொட்டுத் தண்ணீர் விட்டுச் சேறு போலாக்க வேண்டும். உப்பு முழுவதும் கரைந்துவிடக் கூடாது. அந்த மூடியையும் உணரியையும் காற்றுப் புகாத டப்பாவுக்குள் வைத்து, வெப்பநிலை மாறாத அறையில் ஒரு நாள் விட்டால், உள்ளிருக்கும் காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டை ஒட்டி நிலைத்துவிடும். நம் அறை வெப்பநிலையில் இந்த எண் மிகச் சிறிதளவே மாறும். உணரி 79 காட்டினால் நான்கைக் கழிக்க வேண்டும் என்பது தெரிந்துபோகும். உப்புச் சேறு உணரியைத் தொடாமல் பார்த்துக்கொள்வது முக்கியம்.

மழைமானியின் உள்ளே தராசுத் தட்டுகளைப் போல இரண்டு சிறு கிண்ணங்கள் இருக்கின்றன. புனலில் விழும் நீர் ஒரு கிண்ணத்தை நிரப்பியதும் அது சாய்ந்து கொட்டிவிடும், மற்றது மேலே வரும். ஒவ்வொரு சாய்விலும் ஒரு காந்தம், காந்தம் அருகே வந்தால் மூடிக்கொள்ளும் ரீட் சுவிட்ச் ஒன்றைக் கடந்து போகும்; அந்த மூடல்களைப் போர்டு எண்ணுகிறது. என்னிடம் உள்ள மானியில் ஒரு சாய்வு 0.2794 மி.மீ. மழையைக் குறிக்கிறது. அதன் புனல் வாய் 11 செ.மீ. நீளமும் 5 செ.மீ. அகலமும் கொண்டது, பரப்பு 55 சதுர செ.மீ. ஆகவே ஒரு சாய்வுக்கு ஏறத்தாழ 1.54 மில்லிலிட்டர் நீர் தேவை. இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு எவரும் தம் மானியைச் சோதிக்கலாம்: 200 மில்லிலிட்டர் நீரை அளந்து எடுத்து, மருத்துவமனைகளில் குளுகோஸ் ஏற்றப் பயன்படும் குழாயைப் போன்ற ஒன்றின் வழியே துளித்துளியாகப் புனலில் விட்டால், 130 சாய்வுகள் வர வேண்டும். 122 மட்டுமே வந்தால் கிண்ணங்கள் அதிக நீரை வாங்கிய பிறகே சாய்கின்றன என்று பொருள். அடியிலுள்ள திருகுகளைச் சற்று உயர்த்தலாம், திருகு இல்லாத மாதிரிகளில் நிரலில் பெருக்கெண்ணை மாற்றிக்கொள்ளலாம். நீரை வேகமாக ஊற்றிச் சோதித்தால் விடை தவறாகும், ஏனெனில் கிண்ணம் சாயும் அந்த நொடிப்பொழுதில் விழும் நீர் கணக்கில் சேராமல் போய்விடும். கொட்டித் தீர்க்கும் மழையிலும் இதுவே நிகழ்வதால், இவ்வகை மானிகள் கனமழையைக் கொஞ்சம் குறைத்தே காட்டும்.

மழைமானியின் இடத்தைப் பற்றி நான் அதிகம் யோசித்தேன். சுற்றியுள்ள எந்தத் தடையும் மானியின் வாயைவிட எவ்வளவு உயரமோ, குறைந்தது அதைப் போல இரு மடங்கு தொலைவில் இருக்க வேண்டும் என்பது பொது விதி. எங்கள் மாடியின் தண்ணீர்த் தொட்டி மானியின் வாயைவிட இரண்டு மீட்டர் உயரம், ஆகவே நான்கு மீட்டர் தள்ளி வைத்தேன். மாடியின் விளிம்பு கூடவே கூடாது. சுவரில் மோதி மேலெழும் காற்று மழைத்துளிகளைப் புனலுக்கு மேலாக அடித்துக்கொண்டு போய்விடும். மாடியின் நடுப்பகுதி, கைப்பிடிச் சுவரின் உயரத்தைத் தாண்டாத ஒரு செங்கல் மேடை என்பதே எனக்குச் சரியாக அமைந்தது. தளத்தை ஒட்டி மிகத் தாழ்வாக வைத்தால் கான்கிரீட்டில் தெறிக்கும் நீர் புனலுக்குள் விழும். மேடையை ரசமட்டம் வைத்துச் சமன் செய்ய வேண்டும். சற்றுச் சாய்ந்தாலும் இரு கிண்ணங்களும் வெவ்வேறு அளவு நீரில் சாயத் தொடங்கிவிடும். காற்று வேகமானியின் கம்பத்தில் மழைமானியைக் கட்டுவதை முற்றாகத் தவிர்க்க வேண்டும். பலத்த காற்றில் கம்பம் அதிரும்போது கிண்ணம் தானாகச் சாய்ந்து, பெய்யாத மழையைப் பதிவு செய்யும்.

மின்னணு மழைமானிக்குப் பக்கத்திலேயே நேரான சுவர்களைக் கொண்ட ஒரு சாதாரண மழைமானியையும் வைத்திருக்கிறேன். இந்திய வானிலை ஆய்வுத் துறை ஒரு நாளின் மழையைக் காலை 8:30 மணிக்கு அளந்து முடிப்பதால் நானும் அதே நேரத்தில் அதைப் படித்துக் கொட்டுகிறேன், நிரலிலும் நாளின் எல்லையை நள்ளிரவுக்குப் பதிலாக 8:30 என்றே வைத்திருக்கிறேன். நள்ளிரவு எல்லையில் கணக்கிட்டால் துறையின் எண்களோடு ஒருபோதும் பொருத்திப் பார்க்க முடியாது. இரண்டு மானிகளும் திடீரென்று விலகத் தொடங்கினால் பெரும்பாலும் காரணம் புனலில் இருக்கும்: சித்திரையில் வேப்பம்பூ, மற்ற மாதங்களில் காக்கை எச்சம், சில வேளைகளில் குளவி கட்டிய மண் கூடு. புனலைச் சுற்றிப் பறவைகள் அமராதபடி கேபிள் டைகளின் வால்களை மேல்நோக்கி நீட்டி விட்டிருப்பது நன்றாகப் பயன்படுகிறது.

காற்றுக்கு வருகிறேன். தரநிலை உயரம் திறந்த வெளியில் 10 மீட்டர். இரண்டு மாடி வீட்டின் தளத்திலிருந்து மூன்று மீட்டர்க் கம்பம் நட்டால் தரையிலிருந்து அந்த உயரம் கிடைத்துவிடும். ஆனாலும் வீடே காற்றைத் திருப்பிவிடும் ஒரு தடை என்பதால் அதைத் தரநிலை அளவு என்று சொல்ல முடியாது. மாடிப்படி அறையின் சுவரில் மேலும் கீழுமாக இரண்டு இடங்களில் கிளாம்ப் அடித்து, ஒன்றரை அங்குல ஜி.ஐ. பைப்பைப் பொருத்தி, மூன்று திசைகளில் இழுவைக் கம்பி கட்டினேன். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் இந்த நகரத்து மரங்களுக்கு என்ன செய்தது என்பதைப் பார்த்தவர்கள் இழுவைக் கம்பியை வீண் செலவு என்று சொல்ல மாட்டார்கள். கடற்காற்றின் உப்பு இங்கே வரை வருவதால் கிளாம்பும் திருகும் துருப்பிடிக்காத எஃகாக இருக்க வேண்டும்.

காற்று வீசும் திசையைக் காட்டும் திசைகாட்டியின் வடக்கை நேர்செய்ய, கைப்பேசியின் காந்தமானியை இரும்புக் கம்பத்தின் அருகே கொண்டுபோனால் அது வேறு எங்கோ காட்டும். நான் பின்பற்றிய முறை பழையது. அன்றைய சூரிய உதயம், மறைவு நேரங்களை எடுத்து அவற்றின் நடு நேரத்தைக் கணக்கிட்டால் உச்சி நேரம் கிடைக்கும். சென்னைக்கு அது ஆண்டுச் சராசரியில் பகல் 12:09 மணி, மாதத்துக்கு மாதம் கால் மணி நேரம் வரை முன்பின்னாகும். அந்த நிமிடத்தில் கொத்தனாரின் தூக்குக்குண்டு நூல் தளத்தில் விழுத்தும் நிழல் சரியான வடக்கு தெற்குக் கோடு. அதைச் சுண்ணக்கட்டியால் தளத்தில் வரைந்துவிட்டு, பிறகு பெயிண்ட் அடித்து நிலைப்படுத்தினேன். ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வருவதால் அந்நாட்களில் நூலுக்கு நிழலே இருக்காது. டிசம்பர், ஜனவரியில் நிழல் நீளமாகவும் தெளிவாகவும் விழும்.

இந்தத் திசைகாட்டியின் மின்சுற்று நுட்பமானது. உள்ளே எட்டு ரீட் சுவிட்ச்களும் எட்டு மின்தடைகளும் வட்டமாக அமைந்திருக்கின்றன. காந்தம் ஒன்றையோ அடுத்தடுத்த இரண்டையோ மூடுவதால் 16 திசைகளுக்கு 16 விதமான மின்தடைகள் கிடைக்கின்றன. கிழக்குக்கு 1 கிலோ ஓம், வடகிழக்குக்கு 8.2 கிலோ ஓம், வடக்குக்கு 33 கிலோ ஓம், மேற்குக்கு 120 கிலோ ஓம். 3.3 வோல்ட்டிலிருந்து 10 கிலோ ஓம் மின்தடை வழியே இதற்கு மின்சாரம் கொடுத்து, நடுவிலுள்ள மின்னழுத்தத்தைப் படித்தால் திசை தெரிந்துவிடும். சிக்கல் இரண்டு இடங்களில் இருக்கிறது. கிழக்கும் அதை ஒட்டிய இரு திசைகளும் 0.30, 0.27, 0.21 வோல்ட் என்று நெருக்கமாக அமைகின்றன, இ.எஸ்.பி.32இல் மின்னழுத்தத்தை எண்ணாக்கும் மாற்றி அந்தக் கீழ்ப்பகுதியில் அவ்வளவு நம்பகமானது இல்லை. கடற்காற்று வருவதே கிழக்கிலிருந்துதான் என்னும்போது இதை விட்டுவிட முடியாது. ஏ.டி.எஸ்.1115 என்ற தனி மாற்றியைச் சேர்த்ததும் இது தீர்ந்தது.

இரண்டாவது சிக்கல் ஈரம். நான் அதிக நேரம் தேடிக் கண்டுபிடித்த கோளாறு இதுதான். தொடர்மழைக்குப் பிறகு என் பதிவுகளில் மேற்கு என்ற திசையே வராமல் போனது. அதற்குப் பதிலாக வடமேற்கும் மேற்கு வடமேற்கும் மாறிமாறி வந்தன. கிழக்கு, வடகிழக்குத் திசைகள் சரியாகவே இருந்ததால் முதலில் நிரலையும் பிறகு திசைகாட்டியையும் சந்தேகப்பட்டேன். மல்டிமீட்டரால் அளந்தபோதுதான் விளங்கியது: கேபிள் இணைப்பில் புகுந்த ஈரம் இரண்டு கம்பிகளுக்கும் இடையே சுமார் 100 கிலோ ஓம் அளவில் ஒரு கசிவுப் பாதையை உண்டாக்கியிருந்தது. கிழக்கின் 1 கிலோ ஓம் அந்தக் கசிவால் 0.99 ஆகிறது, வேறுபாடே தெரியாது. மேற்கின் 120 கிலோ ஓமோ 54 அல்லது 55 ஆகச் சரிகிறது. அது வடமேற்கின் 64.9க்கும் மேற்கு வடமேற்கின் 42க்கும் இடையில் போய் விழுகிறது. வடகிழக்குப் பருவமழையில் பெரும்பாலான நாட்கள் காற்று வடகிழக்கிலிருந்தே வீசுவதால் இந்தக் கோளாறு வாரக்கணக்கில் ஒளிந்திருக்கக்கூடியது. ஒரு புயல் நமக்கு வடக்கே நகர்ந்து, காற்று மேற்குக்குத் திரும்பும் மிக முக்கியமான அந்தச் சில மணி நேரங்களில்தான் அது வெளிப்படும். ஆகவே மழைக்காலத்தில் அவ்வப்போது திசைகாட்டியைக் கையால் மேற்கே திருப்பிப் பிடித்து, அளவீடு சரியாக வருகிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

கம்பிகளை இணைப்பதில் நான் கடைப்பிடிக்கும் கொள்கை, போர்டை வெளியே கொண்டுபோகாமல் கம்பிகளைப் போர்டிடம் கொண்டுவருவது. மழைமானியும் வேகமானியும் வெறும் சுவிட்ச்கள்தான், இருபது மீட்டர் கம்பி அவற்றுக்கு ஒரு பொருட்டே இல்லை. எனவே முதல் போர்டை மாடிப்படி அறைக்குள், மழை படாத உலர்ந்த சுவரில் வைத்தேன். ஐ.டூ.சி. என்னும் குறுகிய தூரத் தகவல் தொடர்பு முறையில் பேசும் வெப்பநிலை உணரி அப்படிப்பட்டதன்று. அந்த இணைப்பு தாங்கக்கூடிய மொத்த மின்தேக்குத் திறன் 400 பிகோஃபாரட். சாதாரண நெட்வொர்க் கேபிளில் ஒரு மீட்டருக்கே சுமார் 50 பிகோஃபாரட் சேர்ந்துவிடும். மாடியிலிருந்து கொல்லைப்புறம் வரை இழுத்தால் எல்லை தாண்டிவிடும், அளவீடுகள் விட்டுவிட்டு வரும். அதனால் கொல்லைப்புறத்துக்கு இரண்டாவது போர்டு. அதைக் கூண்டுக்குக் கீழே, அரை மீட்டர் தள்ளி ஒரு பெட்டியில் வைத்திருக்கிறேன். போர்டின் சூடு மேலெழுந்து உணரியை அடையாதபடி பெட்டி பக்கவாட்டில் விலகியிருப்பது அவசியம்.

திசைகாட்டியிலிருந்து வரும் தொலைபேசி வகைக் கேபிளில் நான்கு கம்பிகள் இருக்கும். என்னிடமுள்ள வகையில் நடு இரண்டும் வேகமானிக்கு, ஓரத்திலுள்ள இரண்டும் திசைகாட்டிக்கு. அந்தக் கேபிள் வெயிலில் வெடித்துவிடும் என்பதால் பி.வி.சி. பைப்புக்குள் விட்டு, வெளியிடத்துக்கென்றே வரும் கறுப்பு உறைக் கேபிளோடு சீக்கிரமே இணைத்துவிட்டேன். முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றிய இணைப்பு நம் ஊர் மழைக்கு நிற்காது. சால்டர் செய்து, உள்ளே பசை கொண்ட வெப்பச் சுருங்கு குழாயைப் போட்டு, அதையும் ஜங்ஷன் பாக்ஸுக்குள் வைக்க வேண்டும். கேபிள் நுழையும் துளையை இறுக்கி அடைக்கும் கேபிள் கிளாண்டுகள் பெட்டியில் கீழ்நோக்கியே இருக்க வேண்டும். கேபிள் உள்ளே நுழையும் முன் ஒரு வளைவாகத் தாழ்ந்து பிறகு மேலேறினால், அதன் மீது வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். பெட்டியை முழுவதுமாக அடைத்துவிட முயல்வது பலன் தராது. பகலில் விரிந்து இரவில் சுருங்கும் உள்காற்று எப்படியும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு வந்து உள்ளேயே தங்கவைக்கும். அடியில் ஒரு சிறு துளை போட்டு, எறும்பு நுழையாதபடி மெல்லிய கொசுவலைத் துண்டை ஒட்டிவிடுவதே நல்லது. பல்லிகளும் எறும்புகளும் இந்தப் பெட்டிகளை விரும்பித் தேடி வரும். சென்னையின் மின்னணுப் பொருள் சந்தையான ரிச்சி தெருவில் கிளாண்டு, சுருங்கு குழாய், பெட்டி அனைத்தும் ஒரே இடத்தில் கிடைத்துவிடுகின்றன. கேபிளை மட்டும் கையில் எடுத்து, உள்ளே செம்பு இருக்கிறதா, செம்பு பூசிய அலுமினியமா என்று சுரண்டிப் பார்த்து வாங்க வேண்டும்.

இ.எஸ்.பி.32இல் எந்த முனையில் எதை இணைப்பது என்பதற்கும் விதிகள் உண்டு. வைஃபை இயங்கும்போது இரண்டாம் மாற்றித் தொகுதியின் முனைகள் மின்னழுத்தம் படிக்க உதவா; 32 முதல் 39 வரையிலான முனைகளே அதற்குரியவை. அவற்றிலும் 34 முதல் 39 வரை உள்ளவற்றுக்கு, சுவிட்ச் திறந்திருக்கும்போது முனையை உயர் மின்னழுத்தத்தில் நிறுத்தும் உள்மேலிழுப்பு மின்தடை கிடையாது, சுவிட்சை அங்கே இணைத்தால் வெளியில் மின்தடை போட்டே ஆக வேண்டும். நீண்ட கம்பிகளுக்கு உள்மின்தடையை நம்பாமல் 4.7 கிலோ ஓம் ஒன்றை வெளியே போடுவது எப்போதும் பாதுகாப்பானது. மோட்டார் போடும்போதெல்லாம் வேகமானி பொய்யாக எண்ணுவது அதோடு நின்றுவிடும். ரீட் சுவிட்ச் மூடும்போது சற்றுத் துள்ளும் என்பதால், ஒரு துடிப்புக்குப் பின் சிறிது நேரம் வரும் துடிப்புகளை நிரல் புறக்கணிக்க வேண்டும். அந்த நேரம் இரண்டு உணரிகளுக்கும் ஒன்றாக இருக்க முடியாது. மணிக்கு 200 மி.மீ. வீதம் கொட்டும் மழையிலும் கிண்ணம் ஐந்து நொடிக்கு ஒருமுறைதான் சாயும். அங்கே 300 மில்லிநொடி காத்திருப்பதில் தவறில்லை. வேகமானியில் நொடிக்கு ஒரு துடிப்பு என்பது மணிக்கு 2.4 கி.மீ.; 100 கி.மீ. காற்றில் துடிப்புகள் 24 மில்லிநொடி இடைவெளியில் வரும். அங்கே 5 மில்லிநொடி காத்திருந்தால் போதும்; 24 மில்லிநொடிக்கு மேல் போனால் புயல்காற்றைப் பாதியாகக் குறைத்துக் காட்டும் அபாயம் உண்டு. திசையின் சராசரியை எடுக்கும்போதும் கவனம் தேவை: 350 டிகிரியும் 10 டிகிரியும் வடக்கை ஒட்டியவை, ஆனால் அவற்றைக் கூட்டி இரண்டால் வகுத்தால் தெற்கு என்று வரும். கிழக்கு மேற்குக் கூறு, வடக்கு தெற்குக் கூறு என்று பிரித்துச் சராசரி எடுத்துப் பிறகு கோணமாக்க வேண்டும்.

போர்டிலிருந்து வைஃபை வழியே மழையின் அளவை அனுப்பும்போது, கடந்த நிமிடத்தில் இத்தனை சாய்வு என்று அனுப்புவதை விட, தொடங்கிய நாளிலிருந்து மொத்தம் இத்தனை என்று ஏறுமுகமாகவே அனுப்புவது சிறந்தது. இடையில் சில செய்திகள் தொலைந்தாலும் அடுத்த செய்தியில் மழை முழுவதும் வந்து சேர்ந்துவிடும். மின்சாரம் நின்று போர்டு மறுபடி தொடங்கும்போது அந்த எண் பூஜ்யமாகாதபடி மெமரி கார்டில் எழுதி வைக்க வேண்டும். புயல் நாட்களில் முதலில் போவது மின்சாரம், அடுத்தது இணையம். எந்த மழையை அளப்பதற்காக இவ்வளவும் செய்தோமோ அந்த மழை பெய்வது அப்போதுதான். மீண்டும் மீண்டும் சார்ஜ் செய்யக்கூடிய ஒரு 18650 பேட்டரி, டி.எஸ்.3231 கடிகாரச் சில்லு, மெமரி கார்டு ஆகிய மூன்றும் இருந்தால் வீடே இருளில் இருந்தாலும் பதிவு தொடரும்.

இடி மின்னலைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். மாடியில் நிற்கும் இரும்புக் கம்பத்தைத் தகுதியுள்ள எலக்ட்ரீஷியனைக் கொண்டு முறையாக எர்த் செய்ய வேண்டும். போர்டிலிருந்து ரூட்டருக்கு நெட்வொர்க் கேபிள் இழுக்காமல் வைஃபையில் அனுப்பினால் வீட்டுக் கருவிகளுக்கு மின்னல் பாயும் ஒரு வழியாவது அடைபடும். தொலைவில் இடி முழங்கத் தொடங்கிய பிறகு, எந்த உணரி நின்றுபோயிருந்தாலும் மாடிக்கு ஏறக் கூடாது.

அழுத்த உணரி வீட்டுக்குள், வெயிலும் மின்விசிறிக் காற்றும் நேரே படாத அலமாரியில் இருக்கிறது. கடல்மட்டத்துக்கு மாற்ற, ஒவ்வொரு 8 மீட்டர் உயரத்துக்கும் ஏறத்தாழ 1 ஹெக்டோபாஸ்கல் கூட்ட வேண்டும். புதிதாகப் பார்ப்பவர்கள், தினமும் மாலை நான்கு மணியளவில் அழுத்தம் மூன்று நான்கு ஹெக்டோபாஸ்கல் இறங்குவதைக் கண்டு புயல் வருகிறதோ என்று கலங்க வேண்டாம். நம் வெப்ப மண்டலத்தில் காலை பத்து, இரவு பத்து மணிகளை ஒட்டி அழுத்தம் உயர்ந்தும், அதிகாலை நான்கு, மாலை நான்கு மணிகளை ஒட்டித் தாழ்ந்தும் நாள்தோறும் ஊசலாடுவது இயல்பு. இந்த அலை வரைபடத்தில் தெளிவாகத் தெரிந்தால் உங்கள் உணரி நன்றாக வேலை செய்கிறது.

எல்லாம் பொருத்திய பிறகு நிலையத்தை முழுமையாகச் சோதிக்க, மே மாதத்துப் பிற்பகல் ஒன்றைவிடச் சிறந்த சோதனை எனக்குத் தெரியவில்லை. நண்பகல் வரை மேற்கிலிருந்து வறண்ட காற்று வீசிக்கொண்டிருக்கும், வெப்பநிலை ஏறிக்கொண்டே போகும். கடற்காற்று உள்ளே நுழையும் கணத்தில் திசைகாட்டி மேற்கை விட்டுத் தென்கிழக்குக்குத் திரும்பும், வேகம் கூடும், ஈரப்பதம் செங்குத்தாக ஏறும், வெப்பநிலை சில நிமிடங்களில் சரியும். நான்கு கோடுகளும் ஒரே நேரத்தில் முறிய வேண்டும். என் நிலையத்தில் முதலில் வெப்பநிலைக் கோடு மட்டும் மற்றவற்றைவிடத் தாமதமாக, சோம்பலாகச் சரிந்தது. கூண்டின் தட்டுகளுக்கிடையே போதிய இடைவெளி இல்லாததே காரணம் என்பதை அதிலிருந்துதான் அறிந்து, இடைவெளியைக் கூட்டினேன்.

செப்டம்பர் மாதத்தில், பருவமழைக்கு முன்பாக, புனலைக் கழுவி, 200 மில்லிலிட்டர் சோதனையைத் திரும்பச் செய்து, கிளாண்டுகளையும் இழுவைக் கம்பிகளையும் இறுக்கி, வெயிலில் நொறுங்கிய கேபிள் டைகளை மாற்றுகிறேன். செய்த மாற்றம் ஒவ்வொன்றையும் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன்: கூண்டு நகர்ந்தது, பெருக்கெண் மாறியது, பக்கத்து மனையில் மரம் வெட்டப்பட்டது என்று. இப்போது எங்களுக்கு மேற்கே உள்ள வீட்டில் மூன்றாவது மாடிக்குத் தூண் எழுப்பத் தொடங்கியிருக்கிறார்கள். தளம் போட்டு முடிந்ததும் மேற்குக் காற்றை அது மறைக்கும். கம்பத்தை மாடிப்படி அறையின் கூரை மீது மாற்ற வேண்டியிருக்கும். அந்தத் தேதிக்கு முந்தைய காற்றுப் பதிவுகளையும் பிந்தையவற்றையும் தனித்தனிக் கோப்புகளாகவே வைக்கப் போகிறேன்.